எலும்பைச் சுற்றிப் பார்க்கும் கூம்புக் கதிர்ப் படம்



கையிலோ காலிலோ அடிபட்டால் ஆஸ்பத்திரிக்குச் சென்று எக்ஸ்ரே படம் எடுத்துக்கொள்வது நாம் எல்லோரும் அறிந்த வழக்கம். படத்தில் முறிவு தெரிந்தால் மாவுக்கட்டுப் போடுகிறார்கள். தெரியாவிட்டால் மாத்திரையும் தைலமும் கொடுத்து வீட்டுக்கு அனுப்புகிறார்கள். நாமும் "படத்தில் ஒன்றுமில்லை" என்ற நிம்மதியோடு வந்துவிடுகிறோம்.

ஆனால் படத்தில் தெரியாத முறிவும் உண்டு. அத்தகைய முறிவைக் காண்பதற்கு "கோன் பீம் சி.டி." என்னும் கூம்புக் கதிர்ப் படமுறை இப்பொழுது கைக்கும் காலுக்கும் வந்திருக்கிறது. அது யாது, எவ்வாறு வேலை செய்கிறது, எதற்கு உதவும், எதற்கு உதவாது என்பவற்றை இப்பாடத்தில் ஒவ்வொன்றாகப் பார்ப்போம். இதை எழுதுகிறவன் டாக்டரல்லன். பலசரக்குக் கடை வைத்திருப்பவன். ஆகையால் வைத்தியம் சொல்ல வரவில்லை. டாக்டர் சொல்வதை நன்கு விளங்கிக்கொள்ளவும், அவரிடம் கேட்க வேண்டியதைக் கேட்கவும் இப்பாடம் துணை செய்தால் போதும்.

1. நிழலும் பொருளும்

1895-ஆம் வருஷம் நவம்பர் 8-ந் தேதி, ஜெர்மனி நாட்டின் வூர்ட்ஸ்பர்க் நகரில் பேராசிரியர் ராண்ட்ஜன் என்பவர் எக்ஸ் கதிரைக் கண்டுபிடித்தார். அடுத்த மாதமே தம் மனைவியாரின் கையை அக்கதிரால் படமெடுத்தார். விரலெலும்புகளும், விரலிற் கிடந்த மோதிரமும் அதில் தெரிந்தன. 1901-இல் பௌதிகத்திற்கான முதல் நோபல் பரிசு அவருக்கே வழங்கப்பட்டது.

எக்ஸ்ரே என்பது உண்மையில் ஒரு நிழல். விளக்கின் முன்னே கையை நீட்டினால் சுவரில் நிழல் விழுகிறதல்லவா? இரு விரல்களை ஒன்றன்பின் ஒன்றாக வைத்தால் சுவரில் ஒரே விரலாகத் தெரியும். எது முன்னே, எது பின்னே என்று நிழல் சொல்லாது. தொடையெலும்பு, முழங்கையெலும்பு போன்ற நீண்ட எலும்புகளுக்கு இதனால் பெரும்பாலும் தொல்லையில்லை. மணிக்கட்டிலோ எட்டுச் சிறிய எலும்புகள், கைப்பிடிக்குள் அடங்கிய புளியங்கொட்டைகளைப் போல நெருங்கிக் கிடக்கின்றன. பாதம் ஒன்றில் மட்டும் 26 எலும்புகள் இருக்கின்றன. இவற்றின் நிழல்கள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து குழம்பிவிடும்.

இன்னொரு சங்கடமும் உண்டு. பலகைச் சுவரில் ஒரு மெல்லிய இடுக்கு இருந்தால், நேருக்கு நேர் நிற்பவனுக்கே அதன் வழியே வெளிச்சம் தெரியும். சற்று விலகி நின்றால் சுவர் முழுதாகவே தோன்றும். எலும்பில் விழுந்த மெல்லிய வெடிப்பும் இப்படித்தான். கதிர் அந்த வெடிப்பின் வழியே நேராகச் சென்றால் தெரியும். சாய்வாகச் சென்றால் மறைந்துவிடும். இரண்டு மூன்று கோணங்களில் எடுத்த படத்தில் வெடிப்பு தெரியாவிட்டால் வெடிப்பே இல்லை என்று தீர்த்துவிட முடியாது.

2. படகு எலும்பின் கதை

எங்கள் கடை வரிசையில் சாமான் இறக்கும் வாலிபர் ஒருவர், மழையில் மோட்டார் சைக்கிள் சறுக்கி விழுந்தார். உள்ளங்கையை ஊன்றி விழுந்ததால் மணிக்கட்டு வீங்கிற்று. எக்ஸ்ரேயில் முறிவு தெரியவில்லை. ஆயினும் அந்த டாக்டர் எச்சரிக்கையாகக் கட்டுப் போட்டு, இரண்டு வாரத்தில் கட்டாயம் திரும்பி வரவேண்டும் என்று சொல்லியே அனுப்பியிருக்கிறார். வாலிபரோ வீக்கம் வடிந்ததும் கட்டை அவிழ்த்துவிட்டு அரிசி மூட்டை தூக்கப் போய்விட்டார். நான்கு மாதம் கழித்து என்னிடம் வந்து, "நானா, படத்தில் ஒன்றுமில்லை என்றுதானே சொன்னார்கள்? பிறகு ஏன் குழாயைத் திருகக்கூட முடியவில்லை?" என்று கேட்டார்.

பிறகு வேறோர் ஆஸ்பத்திரியில் கூம்புக் கதிர்ப் படம் எடுத்தார்கள். மணிக்கட்டின் எட்டு எலும்புகளில் "ஸ்கேபாய்டு" என்னும் எலும்பு இரு துண்டாகி ஒட்டாமல் கிடந்தது. ஸ்கேபாய்டு என்றால் கிரேக்க மொழியில் படகு போன்றது என்று பொருள். கட்டைவிரலை நன்றாக விரித்துப் பாருங்கள். அதன் அடியில் ஒரு குழி விழும். மேல்நாட்டு வைத்திய நூல்கள் அக்குழிக்கு மூக்குப்பொடி டப்பி என்றே பெயர் வைத்திருக்கின்றன. படகு எலும்பு அந்தக் குழிக்கு அடியிலேதான் இருக்கிறது.

இவ்வெலும்பு முறிந்தால் ஏன் எளிதில் ஒட்டுவதில்லை? இதற்குச் செல்லும் இரத்தக் குழாய்களிற் பெரும்பாலானவை விரல் பக்கத்து முனையில் நுழைந்து, முழங்கைப் பக்கமாகப் பின்னோக்கி ஓடுகின்றன. நடுவில் முறிந்தால் பின்துண்டுக்கு இரத்தம் குறைந்துபோகிறது. தண்ணீர் நின்ற வாய்க்காலின் கடைமடை வயல் காய்வதுபோல அத்துண்டு உயிரற்றுப் போகவும் கூடும். அவ்வாறு விட்டுவிட்டால் சில வருஷங்களில் மணிக்கட்டு மூட்டே தேய்ந்து கெட்டுவிடும். அந்த வாலிபருக்கு இடுப்பெலும்பிலிருந்து சிறு துண்டெடுத்து வைத்து, திருகாணி முடுக்கி ஆபரேஷன் செய்தார்கள். கை கூடிவிட்டது. ஆனால் மாதக்கணக்கில் கூலி போயிற்று. இரண்டாம் வாரமே திரும்பிச் சென்றிருந்தால் மாவுக்கட்டோடு முடிந்திருக்கக்கூடிய காரியம் அது.

3. ஒரு கணக்குப் பாடம்

எலும்பை வெட்டிப் பார்க்காமல் உள்ளே இருப்பதை எப்படி அறிவது? இதற்குக் கடைக்காரன் கணக்கொன்று சொல்கிறேன்.

ஒரு பெட்டியில் மேல்வரிசையில் இரண்டு, கீழ்வரிசையில் இரண்டு ஆக நான்கு அறைகள். ஒவ்வோர் அறையிலும் சில டின்கள் இருக்கின்றன. திறந்து பார்க்கக் கூடாது. மேல்வரிசையின் மொத்தம் 7, கீழ்வரிசையின் மொத்தம் 8. இடப்பக்க நிரலின் மொத்தம் 6, வலப்பக்க நிரலின் மொத்தம் 9. ஒவ்வோர் அறையிலும் எத்தனை டின்?

மேலே 2, 5. கீழே 4, 4 என்று வைத்தால் கணக்குச் சரியாக வருகிறது. ஆனால் மேலே 1, 6. கீழே 5, 3 என்று வைத்தாலும் சரியாகவே வருகிறது! ஆகவே இந்த மொத்தங்கள் போதா. இன்னொரு திசையில், அதாவது மேல் இடமூலையிலிருந்து கீழ் வலமூலைக்குச் சாய்வாகக் கூட்டினால் 6 என்று யாரேனும் சொல்லிவிட்டால், முதல் விடை ஒன்றே நிற்கும். இரண்டாவது விடையில் சாய்வு மொத்தம் 4 ஆகையால் அது தள்ளுபடி ஆகிவிடும்.

எக்ஸ்ரே நிழலின் ஒவ்வொரு புள்ளியும், அக்கதிர் கடந்து வந்த வழியிலுள்ள பொருள்களின் மொத்தக் கணக்கே. ஒரு திசையின் மொத்தம் போதாது. பல திசைகளின் மொத்தங்கள் கிடைத்தால் ஒவ்வோர் அறையிலும் உள்ளதைத் தனித்தனியே கண்டுபிடித்துவிடலாம். இதற்கு வேண்டிய கணிதத்தை ஆஸ்திரியக் கணித மேதை ராடன் 1917-இலேயே எழுதி வைத்தார். அதனை மனித உடலுக்குப் பயன்படும் கருவியாக்கியவர் ஹௌன்ஸ்ஃபீல்டு என்னும் ஆங்கிலேய எஞ்சினியர். இசைத்தட்டுகளுக்குப் பேர்போன ஈ.எம்.ஐ. கம்பெனியில் அவர் வேலை பார்த்தார். அவருடைய முதல் சோதனைக் கருவி ஒரு பொருளைப் படமெடுக்க ஒன்பது நாட்கள் பிடித்தது. 1971 அக்டோபர் முதல் தேதி லண்டனில் ஆட்கின்சன் மார்லி ஆஸ்பத்திரியில் முதல் நோயாளியின் தலை படமெடுக்கப்பட்டது. இக்கணக்கைத் தனியே ஆராய்ந்திருந்த கார்மாக் என்பவருக்கும் ஹௌன்ஸ்ஃபீல்டுக்கும் 1979-இல் நோபல் பரிசு கிடைத்தது. நாம் "சி.டி. ஸ்கேன்" என்று சொல்வது இதுவே.

4. விசிறியும் கூம்பும்

பெரிய ஆஸ்பத்திரியின் வழக்கமான சி.டி. கருவியில் கதிரானது பனையோலை விசிறியைப்போல மெல்லியதாக விரிந்து பாய்கிறது. அது ரொட்டித் துண்டுபோல் உடலின் ஒரு மெல்லிய பகுதியைச் சுற்றிவந்து பார்க்கும். படுக்கை நகர நகர, குழாய் பலமுறை சுற்றச் சுற்ற, துண்டு துண்டாகப் படம் சேரும்.

கூம்புக் கதிர்க் கருவியிலோ கதிர் டார்ச் விளக்கின் ஒளிபோலக் கூம்பாக விரிந்து, எதிரே உள்ள தட்டையான பலகை முழுவதிலும் ஒரே சமயத்தில் விழுகிறது. கை அல்லது கால் நடுவில் இருக்க, கதிர்க்குழாயும் பலகையும் அதனை ஒரே ஒரு முறை சுற்றி வருகின்றன. அந்த ஒரு சுற்றில் சில நூறு நிழற்படங்கள் பதிவாகின்றன. ஏறக்குறைய அரை நிமிடத்தில் காரியம் முடிந்துவிடும். கருவிக்குக் கருவி நேரம் சற்றுக் கூடும், குறையும். பிறகு கம்ப்யூட்டர் நாம் மேலே போட்ட டின் கணக்கைக் கோடிக்கணக்கான அறைகளுக்குப் போட்டு முடிக்கிறது.

கூம்புக் கதிருக்கேற்ற கணக்கு முறையை 1984-இல் ஃபெல்ட்காம்ப், டேவிஸ், கிரெஸ் என்ற மூவர் வெளியிட்டார்கள். அவர்கள் வேலை பார்த்த இடம் ஆஸ்பத்திரி அன்று. மோட்டார் கார் செய்யும் ஃபோர்டு கம்பெனியின் ஆராய்ச்சிச் சாலை! 1990-களின் பிற்பகுதியில் இத்தாலியிலும் ஜப்பானிலும் இம்முறையைப் பல் வைத்தியத்திற்குக் கொண்டுவந்தார்கள். பல் டாக்டரிடம் நின்றபடியோ உட்கார்ந்தபடியோ தலையைச் சுற்றிப் படமெடுத்துக்கொண்ட நேயர்கள் சிலர் இருக்கலாம். கை, கால் மூட்டுகளுக்கென்றே தனிக் கருவிகள் 2010-ஆம் வருஷத்தை ஒட்டி உருவாயின. அமெரிக்காவில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தார் அத்தகைய கருவி ஒன்றைப் பற்றி 2011-இல் ஆராய்ச்சிக் கட்டுரை வெளியிட்டார்கள்.

இப்படத்தின் நுட்பம் எவ்வளவு? ஒரு கட்டம் சுமார் 0.2 மில்லிமீட்டர் என்று கொள்வோம். அரிசி ஒன்றின் குறுக்களவு 2 மில்லிமீட்டர் என்றால், அதன் குறுக்கே பத்துக் கட்டங்கள் அடங்கும். கட்டத்தின் நீளம், அகலம், உயரம் மூன்றும் சமம். ஆகையால் டாக்டர் அந்த எலும்பைக் கம்ப்யூட்டரில் எந்தப் பக்கம் திருப்பி, எந்தச் சாய்வில் வெட்டிப் பார்த்தாலும் தெளிவு குறையாது. பலகைச் சுவரின் இடுக்கை நேருக்கு நேர் நின்று பார்க்கும் வசதி அவருக்குக் கிடைத்துவிடுகிறது.

5. நின்றபடி எடுக்கும் படம்

வழக்கமான சி.டி.யில் நாம் படுத்திருக்க வேண்டும். கால் வலிப்பதோ நிற்கும்போதும் நடக்கும்போதும்! வண்டியில் சுமை ஏற்றாமல் அச்சின் கோளாற்றைக் கண்டுபிடிக்க முடியுமா? கூம்புக் கதிர்க் கருவி சிறியதாகையால், அதற்குள் நின்றபடியே பாதத்தையும் கணுக்காலையும் முழங்காலையும் படமெடுக்கும் வகையில் சில கருவிகளைச் செய்திருக்கிறார்கள்.

பாதத்தின் நடுவிலுள்ள எலும்புகளைக் கட்டி வைத்திருக்கும் தசைநார் அறுந்தால், படுத்திருக்கும்போது எலும்புகள் தம்மிடத்தில் இருப்பதாகவே தோன்றலாம். உடற்பாரம் ஏறியவுடன் அவை விலகி இடைவெளி காட்டும். லிஸ்ஃபிராங்க் காயம் எனப்படும் இது முதல் எக்ஸ்ரேயில் தவறிப்போவது டாக்டர்கள் நன்கறிந்த விஷயம். முழங்கால் தேய்மானமும் அப்படியே. குருத்தெலும்பு கதிர்ப்படத்தில் நேரே தெரியாது. இரு எலும்புகளுக்கும் இடையேயுள்ள சந்தே அதன் கனத்தைக் காட்டும். பாரம் ஏறும்போதுதான் அச்சந்து உண்மையில் எவ்வளவு என்பது வெளிப்படும். தட்டைப் பாதத்திலும் எலும்புகள் எப்பக்கம் எவ்வளவு சாய்ந்திருக்கின்றன என்பதை நின்ற படமே சரியாகச் சொல்லும்.

நீரிழிவு உள்ளவர்கள் இவ்விடத்தைக் கவனித்துப் படிக்க வேண்டும். நெடுநாள் நீரிழிவால் பாதத்தின் உணர்ச்சி குறைந்தவர்களுக்கு எலும்பு நொறுங்கினாலும் வலி அதிகம் தெரியாது. ஒரு பாதம் மட்டும் வீங்கி, சிவந்து, மற்றதைவிடச் சூடாக இருந்தால் "வலிதான் இல்லையே" என்று நடந்துகொண்டிராமல், அன்றே டாக்டரிடம் காட்டுங்கள். அவர் பார்த்துச் சொல்லும்வரை அந்தக் காலில் பாரம் போடவேண்டாம். எந்தப் படம், எப்பொழுது, நின்றா படுத்தா என்பதை அவரே தீர்மானிப்பார்.

6. இதனால் ஆகாதவை

எந்தச் சரக்குக்கும் குணமும் உண்டு, குறையும் உண்டு. குறையை மறைத்து விற்பது நல்ல வியாபாரம் ஆகாது. ஆகவே இதன் குறைகளையும் சொல்லிவிடுகிறேன்.

முதலாவது, கூம்புக் கதிர் அகன்று பாய்வதால் உடலில் பட்டுச் சிதறும் கதிரும் அதிகம். அது பலகையில் விழுந்து படத்தை மங்கச் செய்கிறது. எலும்புக்கும் சதைக்கும் உள்ள வேற்றுமை பெரிதாகையால் எலும்பு தெளிவாகவே தெரியும். தசைநார், சவ்வு, சதை ஆகியவற்றிடையே உள்ள சிறு வேற்றுமைகள் தெரியமாட்டா. முழங்காலின் ஜவ்வு கிழிந்ததா என்றறிய எம்.ஆர்.ஐ. படமே தகும். எலும்பின் உள்மஜ்ஜையில் ஏற்பட்ட காயத்தையும் எம்.ஆர்.ஐ.யே காட்டும், வெடிப்பு வெளியே தெரியாத ஆரம்பக் கட்டத்துப் படகெலும்பு முறிவையும் அது பிடித்துவிடும்.

இரண்டாவது, சுற்றி முடியும்வரை ஆடாமல் இருக்க வேண்டும். சிறு குழந்தைகளுக்கும் கை நடுங்கும் முதியோருக்கும் இது கடினம். ஆடினால் எலும்பின் விளிம்பு இரட்டையாகத் தெரியும். பெரிய சி.டி. மிக விரைவில் எடுத்துவிடுவதால் இத்தொல்லை அதில் குறைவு.

மூன்றாவது, பழைய ஆபரேஷனில் வைத்த இரும்புத் தகடும் திருகாணியும் படத்தில் கோடுகோடாக நிழலிடும். அவற்றைக் குறைக்கக் கணக்கு முறைகள் உண்டு. அடியோடு போக்குவது அரிது.

நான்காவது, கை காலுக்கென்று செய்த கருவியில் இடுப்பையும் முதுகெலும்பையும் வைக்க முடியாது. எலும்பின் அடர்த்தியை அளப்பதற்கும் இது ஏற்றதன்று. அதற்கு டெக்ஸா என்னும் வேறு சோதனை இருக்கிறது.

7. கதிருக்கு அஞ்ச வேண்டுமா?

எக்ஸ் கதிர் வீணாகப் பட வேண்டிய பொருளன்று. அதே சமயம் அளவறியாமல் அஞ்சவும் வேண்டாம். மண்ணிலிருந்தும் வானத்திலிருந்தும் உணவிலிருந்தும் இயற்கையாகவே கதிர்வீச்சு நம்மீது பட்டுக்கொண்டிருக்கிறது. உலகச் சராசரியில் அது வருஷத்திற்கு 2.4 மில்லிசீவர்ட் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். கையையோ பாதத்தையோ கூம்புக் கதிரால் ஒருமுறை படமெடுக்கும்போது உடலுக்கு ஏற்படும் பாதிப்பளவு, பெரும்பாலும் சில நாட்களில் இயற்கையாகப் படுவதை ஒத்தது. கை கால் முனைகளில் கதிரால் எளிதில் கெடும் உறுப்புகள் குறைவு என்பதே இதற்குக் காரணம். எனினும் சாதாரண எக்ஸ்ரேயைவிட இது அதிகமே. தேவையிருந்தால் எடுப்பது, தேவையில்லாவிட்டால் விடுவது என்பதே விதி. குழந்தைகள் விஷயத்தில் இவ்விதியை இன்னும் இறுக்கமாகப் பிடிக்க வேண்டும். கர்ப்பமான பெண்கள், அல்லது கர்ப்பமோ என்று ஐயமுள்ளவர்கள், முன்கூட்டியே அதைச் சொல்லிவிட வேண்டும்.

8. கேள்வியும் விடையும்

கேள்வி: அடிபட்டவுடன் எக்ஸ்ரேயை விட்டு நேரே இந்தப் படத்தையே எடுத்துக்கொள்ளலாமா?
விடை: வேண்டாம். பெரும்பாலான முறிவுகளுக்கு எக்ஸ்ரேயே போதும். செலவும் கதிரும் குறைவு. எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியாமல் வலியும் வீக்கமும் நீடித்தாலோ, முறிவு மூட்டுக்குள் சென்று ஆபரேஷன் செய்ய வேண்டியிருந்தாலோ, முறிவு கூடிவிட்டதா என்று தீர்மானிக்க வேண்டியிருந்தாலோ அப்பொழுது இது உதவும்.

கேள்வி: எங்கள் ஆஸ்பத்திரியில் இக்கருவி இல்லையே?
விடை: இல்லாத இடங்கள் பல. வழக்கமான சி.டி.யும் மணிக்கட்டு முறிவை நன்றாகக் காட்டும், எம்.ஆர்.ஐ.யும் இருக்கிறது. கருவியின் பெயர் முக்கியமன்று. முதற் படத்தோடு விசாரணையை நிறுத்திவிடாமல் இருப்பதே முக்கியம்.

கேள்வி: டாக்டரிடம் என்ன சொல்லிக் கேட்பது?
விடை: "எப்படி விழுந்தேன், எந்த இடத்தை அழுத்தினால் வலிக்கிறது, எந்த வேலை செய்ய முடியவில்லை" என்ற மூன்றையும் தெளிவாகச் சொல்லுங்கள். உள்ளங்கையை ஊன்றி விழுந்தவர்கள் கட்டைவிரல் குழியில் வலியிருந்தால் அதை விரலால் தொட்டுக் காட்டுங்கள். பிறகு, "மேற்கொண்டு படம் தேவையா? எத்தனை நாளில் திரும்பி வரவேண்டும்?" என்று மரியாதையாகக் கேளுங்கள். பழைய படங்களையும் கையோடு கொண்டு போங்கள்.

நம்மில் கையை நம்பிப் பிழைப்பவர்கள் பலர். மூட்டை தூக்குவோர், பரோட்டா தட்டுவோர், தையல் மிஷினில் உட்காருவோர், லாரி ஓட்டுவோர் எல்லோருக்கும் கையும் காலுமே முதல். முதலில் விழுந்த ஓட்டை சிறிதாயிருக்கும்போதே அடைப்பது சுலபம். ஆகையால் எக்ஸ்ரே எடுத்த பின்னும் வலி விடாதவர்கள், "படத்தில் ஒன்றுமில்லை" என்று டாக்டர் சொன்னதை "இந்தப் படத்தில் ஒன்றும் தெரியவில்லை" என்று பொருள் கொள்ளுங்கள். அவர் குறித்த நாளில் தவறாமல் திரும்பிச் செல்லுங்கள். கடையில் ஆள் வைத்திருப்பவர்கள், அந்த ஒரு நாளுக்குச் சம்பளத்தோடு லீவு கொடுத்து அனுப்புங்கள்.